ஆதிமூலத்தின் ராசி

பாண்டிச்சேரி பெரிய மார்க்கெட்டில் சாத்துக்குடிக் கடை வைத்திருக்கும் ஆதிமூலம் எந்த அணியின் பக்கம் சேர்ந்தாலும் அந்த அணி விளங்காது. இதைச் சொன்னவர்கள் அவனுடைய விரோதிகள் இல்லை. கட்டின பெண்டாட்டி ஜெயமே சொல்வாள். 2003-இல் கிரிக்கெட் உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தன்று, டாஸ் போடுவதற்கு முன்னாலேயே அவன் கையில் ஒரு பையைக் கொடுத்து, "நீங்க எங்க தங்கச்சி வீட்டுப் பக்கம் ஒரு நடை போயிட்டு வாங்களேன்" என்றவள் அவள். அவன் போகவில்லை. வீட்டிலேயே உட்கார்ந்து பார்த்தான். இந்தியா தோற்றது. அதற்கப்புறம் கொஞ்ச நாளைக்கு அவள் சோறு போட்டாளே தவிர முகம் கொடுத்துப் பேசவில்லை.

அது கிடக்கட்டும். கிரிக்கெட் தோல்வியை நாடே பங்கு போட்டுக்கொள்ளும். அவன் ஒண்டியாகச் சுமந்த பாரம் எத்துவால் கிளப். வைத்திக்குப்பத்துக் கால்பந்து அணி அது. வெள்ளைக்காரன் காலத்தில் யாரோ ஒரு பட்டாளத்து சார்ஜன் ஆரம்பித்து வைத்தது. எத்துவால் என்றால் பிரெஞ்சில் நட்சத்திரமாம். "நட்சத்திரம் பகல்ல எப்படிய்யா தெரியும், நீங்க ராத்திரியில ஆடிப் பாருங்க" என்று நெல்லித்தோப்புக்காரர்கள் கிண்டல் பண்ணுவார்கள். கிண்டலிலும் நியாயம் இருந்தது. சொல்தாக்கள் சங்கம் வருஷா வருஷம் நடத்தும் கோப்பைப் போட்டியில், ஆதிமூலத்துக்குத் தெரிந்து எத்துவால் இறுதி ஆட்டத்துக்கு வந்ததே கிடையாது. சொல்தா என்றால் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்து பென்ஷனில் இருப்பவர்கள்.

இருந்தாலும் ஆதிமூலம் ஒரு ஆட்டத்தையும் விட்டதில்லை. இளவட்டமாக இருந்தபோது ஒரு வருஷம் அந்த அணியில் மாற்று ஆட்டக்காரனாக உட்கார்ந்திருந்தான். உட்கார்ந்திருந்தான், அவ்வளவுதான், யாரும் அவனை உள்ளே இறக்கவில்லை. அந்த வருஷம் பிடித்த கிறுக்கு கல்யாணமாகியும் தெளியவில்லை, தலை நரைத்தும் தெளியவில்லை. ஆட்டம் இருக்கிற நாளில் மத்தியானமே கடையைச் சாத்திவிடுவான். நல்ல சாத்துக்குடியாகப் பொறுக்கி எடுத்து, கழுவி, இரண்டிரண்டாக நறுக்கி, உப்புத் தூவி, ஒரு எவர்சில்வர் தூக்கில் அடைத்து எடுத்துக்கொண்டு போவான். ஹாஃப் டைமில் பையன்கள் அதைச் சப்பிவிட்டுத் தோலைக் காலடியில் எறிவார்கள். அவன் தோலைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டு, கோட்டோரமாக நின்றபடியே மிச்ச ஆட்டத்தையும் பார்த்து, தோற்றபின் வீட்டுக்கு வருவான்.

அவனுடைய சிநேகிதன் தெயோ வேறு ஜாதகம். அவனும் சொல்தாதான். பதினைந்து வருஷம் பிரான்ஸ் பட்டாளத்தில் சமையல்கட்டில் இருந்துவிட்டு ஊர் திரும்பியவன். அவனை எல்லாரும் மரியாதையாக முசே என்பார்கள். ஆதிமூலம் மட்டும் தெயோ என்றே கூப்பிடுவான். இருவரும் ஒரே பள்ளிக்கூடத்து வாசலில் இலந்தைப்பழம் வாங்கித் தின்றவர்கள். தெயோவுக்கு எந்த அணியும் சொந்தம் இல்லை. அன்றைக்கு மனசுக்கு எது படுகிறதோ அதன் பக்கம் சாய்வான். அது ஜெயிக்கும். அதுதான் கொடுமை.

அந்த 2004-ஆம் வருஷம் ஜூன் மாசம் ஐரோப்பியக் கால்பந்துக் கோப்பை ஆரம்பித்தது. ஆதிமூலம் பிரான்ஸ் பக்கம். அவனுக்கும் பிரான்ஸுக்கும் என்ன உறவு என்று கேட்டால், பாண்டிச்சேரிக்காரன் பின்னே யார் பக்கம் நிற்பான் என்று திருப்பிக் கேட்பான். பிரெஞ்சுப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் தெயோ, கையில் கிளாஸை வைத்துக்கொண்டு, "அந்த கிரீஸ் பசங்களப் பாத்தா பாவமா கீதுப்பா, நான் அவங்க பக்கம்" என்றான். கிரீஸ் பிரான்ஸை அடித்தது. அதோடு விட்டதா, கோப்பையையே தூக்கிக்கொண்டு போனது. மறுநாள் காலையில் தெயோ ஸ்கூட்டரில் மார்க்கெட்டுக்கு வந்து, "ஒரு கிலோ நல்லதா போடு, ஆதி. நேத்து இன்னாத்த பாத்தேன்னே தெரியல, பாதியில தூங்கிட்டேன்" என்றான். பாதியில் தூங்கினவனுக்குக் கோப்பை. கண் கொட்டாமல் பார்த்தவனுக்குக் கண்ணெரிச்சல்.

தெயோவுக்குப் பென்ஷன் வருகிறதே என்று ஆதிமூலம் பொறாமைப்பட்டதில்லை. மாடி வீட்டைப் பார்த்தும் பட்டதில்லை. இவன் உயிரைக் கொடுத்தாலும் கிடைக்காத ஒன்று, அவனுக்குக் கொட்டாவி விடும்போது மடியில் வந்து விழுகிறதே, அதைத்தான் அவனால் ஜீரணிக்க முடியவில்லை. தராசில் பழத்தைப் போடும்போதே அவனுக்கு வயிறு எரிந்தது.

ஆகஸ்ட் மாசம் சொல்தா கோப்பை ஆரம்பித்தது. காலிறுதி ஆட்டத்துக்கு ஆதிமூலம் வழியில் சைக்கிள் பஞ்சராகித் தாமதமாகப் போய்ச் சேர்ந்தான். போனபோது ஆட்டம் முடிந்திருந்தது, எத்துவால் ஜெயித்திருந்தது. அரையிறுதி அன்று ஜெயத்தின் பெரியப்பா திண்டிவனத்தில் காலமாகிவிட்டார். ஆதிமூலம் பிணத்தோடு சுடுகாடு வரை போய் நின்றுகொண்டிருந்த நேரத்தில், இங்கே எத்துவால் மூன்று கோல் போட்டது. அந்தப் பக்கமாக ஸ்கூட்டரில் போன தெயோ, சும்மா வண்டியை ஸ்டாண்டு போட்டு அதன் மேலேயே உட்கார்ந்து பார்த்தானாம். அவன் வந்து உட்கார்ந்த பிறகுதான் மூன்று கோலும் விழுந்ததாம்.

இறுதி ஆட்டம் ஆகஸ்ட் பதினாறு, பாண்டிச்சேரிக்கு மட்டும் லீவு நாள். எதிரணி நெல்லித்தோப்பு ஃப்ரெண்ட்ஸ். ஆதிமூலத்துக்கு அந்த வாரம் முழுக்கத் தூக்கமே பிடிக்கவில்லை. புதுத் தூக்கு ஒன்று வாங்கினான். வேட்டி சட்டை சலவைக்குப் போட்டான். கல்யாணத்துக்குக்கூட அவர் இப்படிப் பறக்கவில்லை என்றாள் ஜெயம்.

முதல் நாள் சாயங்காலம் தணிகாசலம் கடைக்கு வந்தான். எத்துவால் கிளப்பின் செக்ரட்டரி அவன். குப்பத்தில் இரண்டு படகு வைத்திருப்பவன். கூடவே கோல்கீப்பர் இளஞ்செழியனும் வந்திருந்தான். வந்தவர்கள் வந்த விஷயத்தைச் சொல்லாமல் பழத்தை உருட்டிக்கொண்டிருந்தார்கள்.

"இன்னாய்யா, சொல்லு" என்றான் ஆதிமூலம்.

"ஒண்ணும் இல்ல ஆதி. பசங்க ஒரு மாதிரி பேசிக்கிறானுங்க. நான் அதெல்லாம் நம்புற ஆளு இல்லன்னு உனக்கே தெரியும்."

"இன்னா பேசிக்கிறானுங்க?"

தணிகாசலம் இளஞ்செழியனைப் பார்த்தான். பையன் தலையைக் குனிந்துகொண்டே, "அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க கோட்டாண்ட நின்னா எனக்குக் கை நடுங்குதுண்ணே" என்றான்.

ஆதிமூலத்துக்கு உடனே புரிந்துவிட்டது. புரியாத மாதிரி இருந்தான்.

"பழம் மட்டும் குடுத்துடு" என்றான் தணிகாசலம். "முசே வந்து எடுத்துக்குவாரு. அவருக்குத்தான் கோட்டாண்ட ஒரு சேர் போடலாம்னு பசங்க சொல்றாங்க. ஒரே ஒரு மேட்ச், ஆதி. நீ வீட்ல இருந்தா கப்பு நமக்குத்தான்."

சேர். அதுதான் அவன் நெஞ்சில் தைத்தது. இத்தனை வருஷமாகக் கால் கடுக்க நின்றவனுக்கு ஒரு கல்லைக் காட்டி உட்காரச் சொன்னவன் கிடையாது. ஸ்கூட்டரில் போகிற போக்கில் எட்டிப் பார்த்தவனுக்குச் சேர். பழம் இவனுடையது, தூக்கு இவனுடையது, நறுக்குகிற கை இவனுடையது; ஊட்டிவிடுகிற கை மட்டும் தெயோவுடையது. நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்கலாம் என்று வாயைத் திறந்தான். பையனுடைய கையைப் பார்த்தான். அது இப்போதே நடுங்குகிற மாதிரி இருந்தது.

"ஜெயிச்சா சரி. நான் வர்ல" என்றான்.

மறுநாள் பகலில் தெயோ வீட்டுக்கு வந்தான். மஞ்சள் டீ ஷர்ட், குளுகுளு கண்ணாடி. ஆதிமூலம் தூக்கை எடுத்து நீட்டினான்.

"நான் கேக்கல ஆதி. அவங்களாதான் கூப்புட்டாங்க" என்றான் தெயோ.

"தெரியும், எடுத்துக்கினு போ."

"யாரோட மேட்ச்சு?"

ஆதிமூலம் அவன் முகத்தை உற்றுப் பார்த்தான். விளையாட்டுக்குக் கேட்கவில்லை. நிஜமாகவே அவனுக்குத் தெரியவில்லை. "நெல்லித்தோப்பு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டான்.

படுத்தால் ஆயிற்றா? மின்விசிறியைப் பார்த்தபடி கிடந்தான். இந்நேரம் பையன்கள் ஓடிப் பழகிக்கொண்டிருப்பார்கள். இந்நேரம் டாஸ் போட்டிருப்பார்கள். ஜெயம் வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். "வண்டிக்குக் காத்து அடிச்சுட்டு வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு அவன் சைக்கிளை எடுத்தான். லாஸ்பேட்டை மைதானம் வரைக்கும் ஒரே மிதி.

மைதானத்துக்குள் போவது ஆதிமூலத்தின் எண்ணம் இல்லை. கொடுத்த வாக்கு வாக்குதான். மைதானத்தின் மேற்குப் பக்கம் பாதி கட்டின வீடு ஒன்று நின்றது. மொட்டை மாடியில் கொஞ்சம் பேர் உட்கார்ந்து ஓசியில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அங்கேயிருந்து யாருக்கும் தன்னைத் தெரியாது, ராசியும் அவ்வளவு தூரம் எட்டாது என்று அவனாகவே ஒரு கணக்குப் போட்டுக்கொண்டு படியேறினான். ஏறின பிறகுதான் தெரிந்தது, அங்கே இருந்தவர்கள் அத்தனை பேரும் நெல்லித்தோப்புக்காரர்கள்.

"வாங்க பெரியவரே, உக்காருங்க. நம்ம ஆளா?" என்று ஒருவன் நகர்ந்து இடம் விட்டான். ஆதிமூலம் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அவன் கையில் வேர்க்கடலை வைத்தார்கள்.

எத்துவால் ஒரு கோல் முன்னால் இருந்தது.

நம்ம பையன்கள், இறுதி ஆட்டத்தில், ஒரு கோல் முன்னால். கத்தவும் முடியாமல் கடலையை மென்றான். அந்தச் சமயம் ஹாஃப் டைம் விசில் ஊதினார்கள். பையன்கள் கோட்டோரத்துக்கு ஓடினார்கள். அங்கே, ஆதிமூலம் வழக்கமாக நிற்கும் இடத்தில், ஒரு வெள்ளை நாற்காலி. அதில் தெயோ. அவன் மடியில் தூக்கு.

தெயோ எழுந்திருக்கக்கூட இல்லை. உட்கார்ந்தபடியே ஒவ்வொருவனுக்கும் ஒரு பாதி எடுத்துக் கொடுத்தான். பையன்கள் வரிசையில் நின்று வாங்கினார்கள். இளஞ்செழியன் அந்தக் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். இத்தனை வருஷத்தில் ஒருத்தன், ஒரே ஒருத்தன், ஆதிமூலத்திடம் பழம் வாங்கும்போது அவன் முகத்தைப் பார்த்ததுண்டா? தணிகாசலம் ஓடிவந்து தெயோவின் தலைக்குமேல் குடை பிடித்தான். வெயில் படுகிறதாம் முசேவுக்கு.

ஆதிமூலத்துக்கு உள்ளே ஏதோ அறுந்துவிட்டது. ஜெயித்தால் என்ன ஆகும் என்று அப்போதுதான் யோசித்தான். தெயோவைத் தோளில் தூக்கிக்கொண்டு வருவார்கள். அடுத்த வருஷமும் சேர், அதற்கடுத்த வருஷமும் சேர். தோற்றது அத்தனையும் ஆதிமூலத்தால், ஜெயித்தது ஒன்று தெயோவால் என்று ஊர் முடிவு கட்டிவிடும். தோற்றால்? தோற்றால் தெயோவும் ஒரு சாதாரண மனுஷன். அந்தச் சேரை மடக்கி வைத்துவிடுவார்கள்.

"தோக்கட்டும்" என்று முணுமுணுத்தான். சொன்ன வாய் அவனுக்கே புதுசாக இருந்தது. மறுபடியும் சொல்லிப் பார்த்தான். நன்றாகத்தான் இருந்தது. என் ராசி ராசி என்கிறீர்களே, இதோ இங்கேதான் உட்கார்ந்திருக்கிறேன், கண்ணை இமைக்காமல் பார்க்கிறேன், எப்படி ஜெயிக்கிறீர்கள் என்று பார்த்துவிடலாம். அப்படியே சம்மணம் போட்டுக்கொண்டான்.

இரண்டாம் பாதி ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் நெல்லித்தோப்பு ஒரு கோல் போட்டது.

ஆதிமூலம் துள்ளி எழுந்துவிட்டான். அவன் எழவில்லை, கால்கள் எழுந்தன. கைகளை மேலே தூக்கிக் கத்தினான். பக்கத்தில் இருந்தவன் அவனைக் கட்டிப்பிடித்தான். யாரென்றே தெரியாத ஒருவன் முதுகில் குத்தினான். அட, கோல் விழுந்தால் இப்படித்தான் இருக்குமா? இத்தனை நாள் தெரியாமல் போயிற்றே. நெல்லித்தோப்பு என்ன அழகாக ஆடுகிறது. பந்தைக் கையால் தூக்கிக் கொடுத்த மாதிரி கொடுக்கிறான்கள். குப்பத்துப் பையன்கள் மாதிரி கண்ணை மூடிக்கொண்டு உதைக்கவில்லை. அவன் தொண்டை கிழியக் கத்தினான். "ஏறு ஏறு, லெஃப்ட்ல குடு, அவனால ஓட முடியாது" என்று எத்துவாலின் பலவீனம் ஒவ்வொன்றையும் காட்டிக் கொடுத்தான். யாருக்குத் தெரியும் அவனைவிட? மாடியில் இருந்தவர்கள் அசந்துபோனார்கள். "பெரியவரு வெவரமான ஆளு" என்றார்கள். ஊரில் ஒருத்தன் அவனை அப்படிச் சொன்னதில்லை. இன்னொரு பிடி கடலை கொடுத்தார்கள்.

ஆட்டம் முடியப் போகிற நேரம். நெல்லித்தோப்புக்குப் பெனால்ட்டி கிடைத்தது. கோல்கம்பத்துக்கு நடுவில் இளஞ்செழியன் ஒண்டியாக நின்றான்.

ஆதிமூலம் கைகளைக் கோத்துக்கொண்டான். எல்லைக்காளியிலிருந்து மாதா கோயில் வரை ஒன்று விடாமல் வேண்டிக்கொண்டான். விழட்டும், இது ஒன்று விழட்டும், அவன் சேரும் அவன் குடையும் நாசமாகப் போகட்டும். தன்னுடைய அணிக்காகக்கூட ஒருநாளும் அப்படி உருகி வேண்டியதில்லை.

இளஞ்செழியன் வலது பக்கம் பாய்ந்தான். பந்தை அணைத்துக்கொண்டு விழுந்தான். அந்தக் கை நடுங்கவில்லை. எழுந்தவன் பந்தை நேராக உதைத்தான். அது மைதானத்தின் பாதியைத் தாண்டிப் போய் விழுந்தது. நெல்லித்தோப்பு ஆட்டக்காரர்கள் எல்லாரும் பெனால்ட்டி பார்க்க முன்னால் வந்துவிட்டிருந்தார்கள். குப்பத்துப் பையன் ஒருவன், அந்த ஓட முடியாத லெஃப்ட் பையன், தனியாக ஓடினான். கண்ணை மூடிக்கொண்டு உதைத்தான். கோல். அடுத்த நிமிஷம் விசில்.

மாடியில் வேர்க்கடலை கொடுத்தவன் மெதுவாகத் திரும்பி ஆதிமூலத்தை ஏற இறங்கப் பார்த்தான்.

"எந்த நேரத்துல வந்து உக்காந்தியோ" என்றான். மரியாதை போய்விட்டிருந்தது. "நல்லா கத்துன போ."

ஆதிமூலம் படியிறங்கி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தான். ஏறி மிதிக்கத் தோன்றவில்லை. சந்தோஷப்படு, உன் கிளப் ஜெயித்துவிட்டது என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தான். உள்ளே அசைவே இல்லை. வாழ்க்கையில் ஒரே ஒரு நாள் எத்துவால் கோப்பை வாங்கியது. அந்த ஒரு நாள் பார்த்து அவன் எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்தான். அது போதாதென்று, ஆசை ஆசையாகப் புதுசாகப் பிடித்த அணியும் தோற்றுவிட்டது.

பாதி வழியில் அவன் கால் நின்றது. அவன் எந்தப் பக்கம் நின்றாலும் அந்தப் பக்கம் தோற்கும். இன்றைக்கு அவன் மனசார நின்றது நெல்லித்தோப்பு பக்கம். அப்படியானால் கோப்பையை வாங்கிக் கொடுத்தது யார்? தெயோவா? நடுத்தெருவிலேயே அவனுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடிப்பதற்குள் அழுகை வந்தது. இதை யாரிடம் போய்ச் சொல்வது? என்னவென்று சொல்வது?

அவன் வீட்டுக்கு வந்து முகம் கழுவுவதற்குள் மினி லாரி தெருவுக்குள் வந்துவிட்டது. பட்டாசும் விசிலுமாகக் குப்பமே கூட வந்தது. லாரியின் மேல் அந்த வெள்ளை நாற்காலி, அதில் மாலையோடு தெயோ. தணிகாசலம் கோப்பையோடு குதித்து இறங்கி நேராக ஆதிமூலத்திடம் வந்தான். அவன் கண் கலங்கியிருந்தது.

"நீ வராம இருந்தியே, அதுதான்யா பெருசு" என்றான். "எவன் இருப்பான் அப்படி? புடி, நீதான் மொதல்ல புடிக்கணும்."

கோப்பையை அவன் கையில் திணித்தார்கள். கழுத்தில் ஒரு மாலையைப் போட்டார்கள். இளஞ்செழியன் காலைத் தொட்டுக் கும்பிட்டான். வராமல் இருந்ததற்கு மாலை. ஆதிமூலம் கோப்பையைப் பார்த்தான். அதில் அவன் முகம் கோணலாகத் தெரிந்தது. ஜெயம் வாசற்படியில் நின்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவளுக்குப் புருஷனை நினைத்து ஒரே பெருமை.

தெயோ மெல்ல இறங்கி வந்து காலித் தூக்கை நீட்டினான். வாங்கும்போது கையை விடாமல் காதருகே குனிந்தான்.

"மாடியில நல்லா தெரிஞ்சுதா?"

ஆதிமூலம் சட்டென்று ஜெயம் நின்ற பக்கம் திரும்பிப் பார்த்தான்.

"மேட்ச்ச எவன் பாத்தான்" என்றான் தெயோ. "எனக்கு பால் எங்க போவுதுன்னே தெரியாது. சும்மா சுத்திமுத்தும் பாத்துக்கினு இருந்தேன். நெல்லித்தோப்பு கோல் போட்டப்ப நீ குதிச்ச குதி இருக்கே. அப்பவே நெனச்சேன், இனிமே நமக்குத்தான்னு." அவன் தூக்கைத் தட்டினான். "நான் யார் கிட்டயும் சொல்ல மாட்டேன். நீ அடுத்த வருஷமும் அங்கயே போய் உக்காந்துடு. நான் வீட்ல படுத்துத் தூங்குறேன்."

இதிலும் அவனே பெரிய மனுஷன் ஆகிவிட்டான். ஆதிமூலம் அடுத்த வருஷத்தை நினைத்துப் பார்த்தான். நெல்லித்தோப்போ முத்தியால்பேட்டையோ, யாரோ எதிரில் ஆடுவார்கள். அவர்கள் ஜெயிக்க வேண்டும் என்று மனசார நினைக்க வேண்டும். வாய் வார்த்தைக்கு நினைத்தால் ராசி பலிக்காது. நினைக்க முடியுமா? இப்போதே நினைத்துப் பார்த்தான், வரவில்லை. கையில் கோப்பையை வைத்துக்கொண்டிருந்தவனுக்கு எத்துவால், எத்துவால் என்றுதான் உள்ளே அடித்துக்கொண்டது.

லாரி கிளம்ப ஹாரன் அடித்தது. தெயோ மாலையைச் சரிபண்ணிக்கொண்டு ஏறப் போனான். ஆதிமூலம் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தான்.

"தூங்கிக் கீங்கித் தொலைக்காத" என்றான். "அடுத்த வருஷமும் வந்து அதே சேர்ல உக்காரு. பழமும் நான்தான் நறுக்குவேன், குடுக்குறது நீதான் குடுக்கணும், குடையும் பிடிக்கச் சொல்லு."

"அது எதுக்கு?"

"உன்னை அப்படிப் பாத்தாதான்டா எனக்கு வயிறு எரியும்."